பரிணாமப் பாடத்தில் சில சந்தேகங்கள்

சித்தேரி
6 ஏப்ரல் 2025

வெண்மதியின் அப்பாவுக்கு,

கோகிலவாணி எழுதுவது. இது சண்டைக் கடிதம் இல்லை. சமாதானக் கடிதமும் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்டு எழுதுகிறேன்.

நம் கல்யாணத்துக்காக எழுதாமல் விட்ட ப்ளஸ் டூ பரீட்சையில் விலங்கியல் ஒன்றுதான் எனக்குப் பாக்கி. ஜூன் கடைசியில் வரும் துணைத் தேர்வில் அதை எழுதப்போகிறேன். மற்ற பாடங்கள் பரவாயில்லை, பரிணாமம் மட்டும் தலையில் ஏறவே மாட்டேன் என்கிறது. வெண்மதியோடு நான் வந்திருக்கும் அம்மா வீடு மலையில். இங்கே சொல்லித்தர ஆள் இல்லை. எனக்குத் தெரிந்து விலங்கியலில் பட்டம் வாங்கியவர் நீங்கள் ஒருவர்தான். வாங்கிவிட்டுப் பாலக்கோட்டில் பூச்சி மருந்துக் கடையில் நின்றாலும் படித்தது படித்ததுதானே.

போனில் கேட்கலாமே என்பீர்கள். சிக்னல் வேண்டுமென்றால் கோயில் மேட்டில் ஏறி நின்று கத்த வேண்டும். அதோடு உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். வெண்மதிக்கு ரத்தத்தில் நோய் என்று டாக்டர் சொன்ன நாள். எனக்கும் சோதித்துவிட்டு, என்னிடமும் அதில் ஒரு பாதி இருக்கிறது என்றார். உங்களையும் வரச் சொன்னார். நோயின் பெயரைப் போனில் சொல்லிக் கூப்பிட்டேன், நீங்கள் கடையில் வேலை என்று சோதனைக்கே வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்த உங்கள் அம்மா வீட்டுக்கு வந்ததும், "எங்க வூட்டு வம்சத்துல இப்பிடி ஒரு ரத்தமே கெடையாது. எல்லாம் இவ கொண்டாந்தது" என்றார். நீங்கள் கதவோரம் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதில் ஒன்றும் ஓடவில்லை. நான் பார்த்தேன்.

போகட்டும். சந்தேகம் இதுதான். 'இயற்கைத் தேர்வு' என்று போட்டிருக்கிறது. தேர்வு என்றால் பரீட்சையா? அப்படியானால் அதை நடத்துவது யார்? தோற்றவர்களுக்குத் துணைத் தேர்வு உண்டா?

பதிலை மட்டும் எழுதுங்கள். வெண்மதி நன்றாக இருக்கிறாள்.

கோகிலவாணி


பாலக்கோடு
12 ஏப்ரல் 2025

கோகிலாவுக்கு,

பதிலை மட்டும் எழுதச் சொன்னாய். முயல்கிறேன்.

இங்கே 'தேர்வு' என்பது பரீட்சை இல்லை, தெரிந்தெடுப்பது. ஆனால் தெரிந்தெடுக்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பெயர் வைத்தவர்கள்தான் நம்மைக் குழப்பிவிட்டார்கள். நேற்றுக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன், புரியும்.

மாரண்டஅள்ளிப் பக்கத்திலிருந்து சென்னப்பன் என்று ஒரு தக்காளிக்காரர் வந்தார். "ஏம்ப்பா திருமாலு, போன வருசம் அடிச்ச அதே மருந்து. இந்த வருசம் புழு சாக மாட்டேங்குது. மருந்துக்குப் பழகிடுச்சுடா" என்றார்.

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் எந்தப் புழுவும் பழகிக்கொள்ளவில்லை. தோட்டத்தில் ஆயிரக்கணக்கில் புழு இருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றுக்கொன்று உள்ளுக்குள் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. அதற்குப் பெயர் மாறுபாடு. அதில் ஏதோ சிலவற்றுக்கு மட்டும் இந்த மருந்தைத் தாங்கும் உடம்பு, மருந்து வருவதற்கு முன்பே தற்செயலாக அமைந்திருந்தது. அடித்தபோது மற்றவை செத்தன, இவை நின்றன. நின்றவைதான் முட்டையிட்டன. அடுத்த வருடம் தோட்டம் முழுக்க அவற்றின் பிள்ளைகள். அவ்வளவுதான் இயற்கைத் தேர்வு. தனிப் புழு மாறவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூட்டம் மாறியது.

அந்த வித்தியாசம் முதலில் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் பெற்றவர்களிடமிருந்து வந்த குறிப்பு இருக்கிறது. அதைப் பிரதி எடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். அதுதான் சடுதிமாற்றம். யாரும் கேட்டு வருவதில்லை. யார் செய்ததன் பலனும் இல்லை.

வெண்மதி தண்ணீர் நிறையக் குடிக்கிறாளா? மலையில் குளிர் இருக்கும், காலுறை போட்டுவிடு. இதுவும் பாடத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்.

திருமால்


சித்தேரி
20 ஏப்ரல் 2025

வெண்மதியின் அப்பாவுக்கு,

புழு புரிந்தது. சாமை அறுத்ததும் என் அம்மா நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்துவைப்பார். அதுவும் இயற்கைத் தேர்வுதானே என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், அங்கே எடுத்துவைக்க அம்மா இருக்கிறார். அதனால் அது வேறு. சரிதானா?

எச்ச உறுப்புகள் பற்றிப் படித்ததை வெண்மதியிடம் சொன்னேன். முன் காலத்தில் உதவி, இப்போது சும்மா மிச்சமிருக்கும் உறுப்புகள், காது மடலை அசைக்கும் தசை மாதிரி என்றேன். அன்றிலிருந்து கண்ணாடி முன் நின்று காதை அசைக்கப் பார்க்கிறாள். மூக்குதான் அசைகிறது. "அப்பாவுக்கு அசையும்மா. நான் பாத்திருக்கேன்" என்கிறாள். உண்மையா? ஐந்து வருடம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

இனிச் சந்தேகம். 'தக்கன உயிர் பிழைத்தல்' என்று வருகிறது. கீழே தகுதி, தகுதி என்று பல இடத்தில் வருகிறது. தகுதி உள்ளது பிழைக்கும், இல்லாதது அழியும். மூன்று நாளாக இந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. பக்கத்தில் வெண்மதி தூங்குகிறாள். கால் வலி வந்தால் எப்படித் துடிப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். புத்தகத்தின்படி என் மகள் தகுதி இல்லாதவளா?

இதற்கு எப்படிப் பதில் எழுதுவீர்களோ தெரியாது. ஆனால் எழுதுங்கள்.

கோகிலவாணி


பாலக்கோடு
27 ஏப்ரல் 2025

கோகிலா,

இதை எழுத ஒரு வாரமாகிவிட்டது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

முதலில் சாமை. நீ சொன்னதுதான் சரி. ஆள் இருந்து பொறுக்கினால் செயற்கைத் தேர்வு.

தகுதி என்ற சொல்லை நாம் வேலைக்கும் வரனுக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால்தான் குத்துகிறது. பாடத்தில் அதற்கு அந்தப் பொருளே இல்லை. உயர்ந்தது, தாழ்ந்தது, வாழ அருகதை உள்ளது என்றெல்லாம் அது சொல்லவில்லை. ஓர் உயிர், தான் இருக்கிற இடத்தில், அந்தக் காலத்தில், எத்தனை பிள்ளைகளை விட்டுச் செல்கிறது என்ற கணக்கு மட்டும்தான். இடம் மாறினால் கணக்கும் மாறும். மருந்தைத் தாங்கிய அந்தப் புழு, மருந்தே அடிக்காத தோட்டத்தில் மற்றவற்றைவிட மெலிந்து கிடக்கலாம். எந்தப் புழு உசத்தி என்று கேட்டால் என்ன சொல்வது?

இன்னொன்று. பரிணாமம் நடந்ததைச் சொல்கிறது, நாம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. நாம் மருந்து வாங்குகிறோம், காலைத் தேய்த்துவிடுகிறோம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வெண்மதி யார் என்று சொல்ல அந்த வரிக்குத் தகுதி இல்லை.

அமைப்பொத்த உறுப்புகளை வெண்மதியை வைத்தே படி. அவள் கையைத் தொட்டுப் பார். மேல்கையில் ஒரு எலும்பு, முன்கையில் இரண்டு, பிறகு மணிக்கட்டு, விரல்கள். வௌவால் இறக்கையிலும் திமிங்கிலத் துடுப்பிலும் அதே வரிசைதான். வேலை வேறு, அமைப்பு ஒன்று. எல்லாம் ஒரே பொது மூதாதையிடமிருந்து பிரிந்து வந்ததற்கு அது சாட்சி. வௌவாலுக்கும் பட்டாம்பூச்சிக்கும் வேலை ஒன்று, அமைப்பு வேறு. அவை செயலொத்தவை. இது ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரலாம்.

பாடத்தின் கடைசியில் ஒரு பெட்டிச் செய்தி இருக்கும். அதை இப்போது விட்டுவிடு. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காது அசையும். நீ கேட்டதில்லை, நான் காட்டியதில்லை.

திருமால்


சித்தேரி
9 மே 2025

அந்தப் பெட்டியைப் படித்துவிட்டேன்.

கதிர் அரிவாள் செல் இரத்தச் சோகை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பக்கமும் அந்த ஜீன் வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய் வருமாம். ஒரு பக்கம் மட்டும் வந்தால் அவர் கடத்தி, பெரும்பாலும் ஒன்றும் தெரியாதாம். நான் கடத்தி. வெண்மதிக்கு நோய். அப்படியானால் இன்னொன்று எங்கிருந்து வந்தது?

நான் பரீட்சை எழுதாதவள், எனக்குத் தெரியாது. நீங்கள் மூன்று வருடம் இதையே படித்தவர். நான் போனில் நோயின் பெயரைச் சொன்ன நிமிடமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தானே சோதனைக்கு வரவில்லை?

இனிச் சந்தேகம் ஒன்றும் இல்லை.

கோகிலவாணி


பாலக்கோடு
28 மே 2025

கோகிலா,

உன் கடிதம் வந்த அன்றே கிளம்பியிருக்க வேண்டும். சட்டையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். கடைசியில் வெண்மதியின் வலிதான் என்னைக் கிளப்பியது.

தருமபுரி ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. ஒரு நாள் முழுக்க நாம் நர்ஸிடம் மட்டும்தான் பேசினோம். வலி குறைந்ததும் அவள் நம்மை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாராச்சும் பேசுங்க. போர் அடிக்குது" என்றாள். நீ சிரித்தாய். பிறகு என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாய்.

அன்று மதியம் சாப்பாடு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே போய் என் ரத்தத்தைக் கொடுத்தேன். முடிவு நேற்று வந்தது. நானும் கடத்திதான்.

ஏன் அன்று வாய் திறக்கவில்லை என்று எழுதிப் பார்த்தேன். எழுதியதெல்லாம் சாக்காகத்தான் தெரிந்தது. அதனால் அதை விட்டுவிட்டு, நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். "அம்மா, வெண்மதிக்கு அந்த நோவு என்கிட்ட இருந்தும்தான் வந்திருக்குது. ரெண்டு பேரும் குடுத்தாத்தான் வரும். கோகிலா மேல தப்பு சொன்னது பொய்யி."

"யாருடா சொன்னா?"

"டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. எனக்கு உன்கிட்ட இருந்தோ அப்பாகிட்ட இருந்தோ வந்திருக்கணும்."

அம்மா ஆய்ந்த கீரையையே மறுபடியும் ஆய்ந்துகொண்டிருந்தார். இலையெல்லாம் கிழிந்துபோனது. "கத்துறதுன்னா கத்தும்மா" என்றேன். கத்தவில்லை. இன்று காலையிலிருந்து என் முகத்தையே பார்க்கவில்லை.

நீ திரும்பி வா என்று எழுத எனக்கு வாய் இல்லை. மரபியல் நகர்வு பற்றிக் கேட்க மறந்துவிட்டாய். அது முக்கியமான பகுதி. அதற்காகவாவது எழுது.

திருமால்


சித்தேரி
5 ஜூன் 2025

மாமா,

மரபியல் நகர்வு எனக்கே புரிந்துவிட்டது. பெரிய கூட்டத்திலிருந்து கொஞ்சம் பேர் பிரிந்து தனியாகப் போய்விட்டால், அவர்களிடம் எது இருந்ததோ அதுதான் பின்னால் வருபவர்களுக்கெல்லாம். நல்லது கெட்டது பார்த்து வருவதில்லை, யார் போனார்கள் என்ற தற்செயல்தான். மலைக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த நம் சனங்களை நினைத்துக்கொண்டேன், உடனே மனதில் நின்றுவிட்டது.

பெட்டிச் செய்தியின் மீதியையும் படித்தேன். ஒரு ஜீன் மட்டும் உள்ளவர்களை மலேரியா எளிதில் கொல்வதில்லையாம். காய்ச்சல் ஊரையே வாரிக்கொண்டு போன காலத்தில் அவர்கள் நின்றார்களாம். அதனால்தான் அந்த ஜீன் அழியாமல் இத்தனை தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. வெண்மதியைத் துடிக்கவைக்கிறதும் அதுதான், அவளுடைய பாட்டன் பூட்டன் யாரையோ காய்ச்சலிலிருந்து காப்பாற்றியதும் அதுதானாக இருக்கலாம். இதைப் படித்துவிட்டுக் கோபப்பட ஆளைத் தேடினேன். யாரும் கிடைக்கவில்லை. நீங்கள்கூட.

ஆனால் ஜீனுக்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. கதவோரம் நின்றதற்குத்தான். அடுப்படியில் நின்று சொன்னது எனக்குப் போதுமா என்று இன்னும் தெரியவில்லை. போதும் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

நர்ஸ் அக்கா ஒன்று சொன்னார். நாம் இன்னொரு பிள்ளை பெற்றால், ஒவ்வொரு முறையும் நாலில் ஒரு பங்கு இந்த நோய் வர வாய்ப்பாம். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்று கிடையாதாம். வயிற்றில் இருக்கும்போதே சோதிக்கவும் வழி இருக்கிறதாம். இதை நான் மட்டும் யோசிக்க முடியாது. நீங்களும் யோசியுங்கள். உங்கள் அம்மா அல்ல, நீங்கள்.

வெண்மதி தேறிவிட்டாள். உங்கள் அம்மா எப்படி இருக்கிறார்?

கோகிலா


பாலக்கோடு
12 ஜூன் 2025

கோகிலாவுக்கு,

யோசிக்கிறேன். எனக்கு வெண்மதி போதும். ஆனால் உன் மனதில் வேறு இருந்தால் அதையும் கேட்க வேண்டும், எழுத்தில் அல்ல.

அம்மா இன்று காலை வத்தல்மலைக்கு, தாய்மாமன் வீட்டுக்குப் போகிறேன் என்று பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றதற்கு, "வேணாம். எனக்குத் தெரியும்" என்றார். பதினைந்து நாளில் என்னிடம் அவர் பேசியது அவ்வளவுதான். வீட்டில் நான் மட்டும். சோறு குழைந்துபோகிறது.

பரீட்சைக்கு அரூரில்தானே மையம்? அன்று வந்து வெளியே நிற்கட்டுமா? வேண்டாம் என்றாலும் சொல்லிவிடு.

திருமால்


சித்தேரி
18 ஜூன் 2025

மாமா,

உங்கள் அம்மா வத்தல்மலைக்குப் போகவில்லை. இங்கேதான் இருக்கிறார். நீங்கள் பஸ் ஏற்றிவிட வராத அன்று, மாலை வண்டியில் வந்து இறங்கினார். பையில் வெண்மதிக்கு ஸ்வெட்டரும் ஒரு சீப்பு வாழைப்பழமும். வாசலில் நின்று, "உள்ள வரட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். நம் கல்யாணமானதிலிருந்து எதற்கும் என்னைக் கேட்டவர் இல்லை. "வாங்க அத்தை" என்றேன். வேறென்ன சொல்ல?

நாலு நாளும் வெண்மதியின் காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். நான் படிக்கும்போது அவளைக் களத்துப் பக்கம் கூட்டிப்போனார். நேற்று மத்தியானம் நான் அந்தக் கடைசிப் பக்கத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். கதிர் அரிவாள் செல் என்று சொன்னதும், புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, அந்த நோவுக்கு அருவான்னு ஏன் பேர் வெச்சாங்க?"

நான் புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டினேன். "ரத்தத்துல இந்த மாதிரி வட்டமா செகப்பா இருக்கும்ங்க அத்தை. இந்த நோவு இருந்தா இப்பிடி வளைஞ்சிடும். பாக்கறதுக்கு நாம சாமை அறுக்கிற அருவா மாதிரி இருக்குதா, அதனால அந்தப் பேரு. வளைஞ்சதுங்க நரம்புல சிக்கிக்கும். அதான் வலி."

"பாக்கறதுக்கு மட்டுந்தானா?"

"ஆமாங்க."

"அருவாளத் தொட்டதுனால இல்லையா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். மாமா, உங்களுக்கு முன்னால் உங்கள் அம்மாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாது என்று அத்தை சொல்கிறார். அந்தப் பிள்ளைக்கும் அடிக்கடி கால் வீங்குமாம், கண் மஞ்சளாகுமாம், வலியில் கத்துமாம். நாலு வயது முடிவதற்குள் போய்விட்டது. வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணத்தன்று அத்தை தெரியாமல் அரிவாளை எடுத்துப் புல் அறுத்தாராம். அதனால்தான் பிள்ளை செத்தது என்று புகுந்த வீட்டில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அப்பாவும் சொல்லியிருக்கிறார். சாகும்வரை அந்தப் பிள்ளையின் பேரை வீட்டில் எடுக்கவிடவில்லையாம்.

"அன்னைக்கு டாக்டரு அருவான்னு சொன்னதும் எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு. முப்பது வருசம் கழிச்சு என் பேத்தியத் தேடி வந்துடுச்சேன்னு. அதான் உன் மேல போட்டுட்டேன் தாயி. இல்லாட்டி என் மேல வந்துடும்ல" என்றார்.

நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளைக்கு இதே நோய்தான் இருந்தது என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதையும் சொன்னேன். ஆனால் இதுவாக இருந்தால், கிரகணத்துக்கும் அரிவாளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். எப்போதோ, யாருக்கோ, பிரதி எடுக்கும்போது ஓர் எழுத்து மாறிவிட்டது. அது அத்தையிடமும் வந்தது, மாமனாரிடமும் வந்தது, இரண்டும் ஒரு பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது. நீங்கள் எழுதிய அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். யாரும் கேட்டு வருவதில்லை. யார் செய்ததன் பலனும் இல்லை.

"அப்ப யார் தப்பு?"

"யார் தப்பும் இல்லீங்க அத்தை."

"என் தப்பு?"

"இல்லீங்க."

அவர் அழவில்லை. புளியை மறுபடியும் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொருக்கா சொல்லு" என்றார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். செல், ஜீன், சடுதிமாற்றம், கடத்தி, எல்லாம். பரீட்சையில் கேட்டால் இப்போது என்னால் தூக்கத்தில்கூட எழுத முடியும். இருட்டுவதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டார். மூன்றாவது தடவைதான் அழுதார். வெண்மதி ஓடிவந்து, "ஆயா, கால் வலிக்குதா?" என்று அவர் காலைப் பிடித்துவிட ஆரம்பித்துவிட்டாள்.

உங்கள் கேள்விக்குப் பதில். பரீட்சை மையத்துக்கு வெளியே வந்து நிற்க வேண்டாம். வெயிலில் நின்று என்ன செய்யப்போகிறீர்கள்? அதற்கு முன்னால் இங்கே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வாருங்கள். எனக்காக இல்லாவிட்டாலும் அத்தைக்காக. உங்களுக்கு ஓர் அக்கா இருந்ததை அவர் தன் வாயால் உங்களிடம் சொல்ல வேண்டுமாம். சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

அக்காவின் பேர் பூங்காவனம். நேற்றுதான் அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, யாராவது அதட்டுவார்களோ என்று சுற்றிப் பார்த்தார்.

கோகிலா